மூலக்கூறைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்: கே. எஸ். கிருஷ்ணனும் வேதி இயற்பியலும்

வேதி இயற்பியல் என்றதும், "அது வேதியியலா, இயற்பியலா?" என்று கேட்காத மாணவர் குறைவு. கேள்வி நியாயமானதுதான். ஆராயும் பொருள் வேதியியலுடையது, ஆராயும் முறை இயற்பியலுடையது என்று சுருக்கமாகச் சொல்லலாம். பென்சீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு எந்த அமிலத்தைச் சேர்த்தால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பது வேதியியலாளரின் அன்றாட வேலை. அதே பென்சீன்மீது ஒளியைப் பாய்ச்சியும், அதைக் காந்தப்புலத்தில் வைத்தும் அளவெடுத்து, அதன் மூலக்கூறு என்ன வடிவம், அதற்குள் எலக்ட்ரான்கள் எங்கே ஓடுகின்றன என்று கண்டுபிடிப்பவர் வேதி இயற்பியலாளர்.

இந்தத் துறை தனக்கென ஓர் ஆய்விதழைப் பெற்றது 1933-இல். குவாண்டம் இயக்கவியல் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மூலக்கூறுகளைப் பற்றிக் கணக்குப் போட்டு எழுதப்பட்ட கட்டுரைகளுக்கு அன்றிருந்த இயற்பிய வேதியியல் இதழில் எளிதாக இடம் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் ஹெரால்டு யூரியை ஆசிரியராகக் கொண்டு 'ஜர்னல் ஆஃப் கெமிக்கல் ஃபிசிக்ஸ்' தொடங்கியது அப்போதுதான். அதே 1933-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழொன்றில் இந்தியாவிலிருந்து சென்ற நீண்ட கட்டுரை ஒன்று அச்சானது. படிகங்கள் காந்தப்புலத்தில் எப்படித் திரும்புகின்றன என்பதுதான் அதன் பொருள். எழுதிய மூவரில் முதல் பெயர் கே. எஸ். கிருஷ்ணன்.

கிருஷ்ணனைத் தமிழ்நாட்டில் ராமனின் மாணவர் என்ற அளவில் பலரும் அறிவார்கள். ராமன் விளைவைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரும் கூடவே வரும், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அவருடைய சொந்த ஆராய்ச்சி அதற்குப் பிறகுதான் முழு வேகம் பிடித்தது. அதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கருத்து தெரிந்தால் போதும். அந்தக் கருத்தைச் சொல்லி, அதை வைத்தே அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கையையும் சொல்லிவிட முடியும் என்பது என் எண்ணம்.

கருத்தின் பெயர் திசைவேறுபாடு. ஒரு பொருளின் பண்பு எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக இல்லாமல், திசைக்குத் திசை மாறுவது. மூங்கிலை நெடுக்குவாக்கில் பிளந்தால் ஒரே வெட்டில் பிளந்துவிடும். குறுக்கே வெட்டினால் கத்தி திணறும். மூங்கில் ஒன்றுதான், ஆனால் அதன் உறுதி திசையைப் பொறுத்தது. மூலக்கூறுகளுக்கும் இப்படித் திசை உண்டு. ஆர்கான் அணு கோளம் போன்றது, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். பென்சீன் அப்படியல்ல. ஆறு கார்பன் அணுக்கள் வளையமாக அமைந்த தட்டையான மூலக்கூறு அது. வளையத்தின் தளத்தில் ஒரு குணம், அந்தத் தளத்துக்குச் செங்குத்தாக வேறொரு குணம்.

மூலக்கூறைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க முடியாது. அது இன்ன வடிவம், இந்தத் திசையில் இப்படி என்று எப்படி அறிவது? கிருஷ்ணன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்தக் கேள்வியோடு வாழ்ந்தார். முதலில் ஒளியைக் கொண்டு கேட்டார், பிறகு காந்தத்தைக் கொண்டு கேட்டார்.

வத்திராயிருப்பிலிருந்து பௌபஜார் தெருவுக்கு

அவர் பிறந்தது 1898-இல், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே உள்ள வத்திராயிருப்பில். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தார். கிறித்தவக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை, வேதியியல் பிரிவில் மாணவர்களுக்குச் செய்முறை காட்டும் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பிற்காலத்தில் அவர் செய்ததெல்லாம் இயற்பியல் அளவீடுகள்தான். ஆனால் அளக்க எடுத்துக்கொண்டதெல்லாம் பென்சீன், நாப்தலீன், செப்பு உப்புகள் என்று வேதியியல் ஆய்வகத்துச் சரக்கு. அவற்றைத் தூய்மையாக்கவும் படிகமாக வளர்க்கவும் தெரிந்தவர் ஒருவர்தான் அந்த அளவீடுகளைச் செய்திருக்க முடியும்.

1923-இல் கல்கத்தாவில் 210, பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சி. வி. ராமனிடம் சேர்ந்தார். ஒளிச்சிதறல்தான் அப்போது அங்கே எல்லோருக்கும் வேலை. தூசி தும்பு இல்லாத சுத்தமான திரவத்தின் வழியே ஒளிக்கற்றையைச் செலுத்தினால், பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு அதன் தடம் மங்கலாகத் தெரியும். திரவத்தின் மூலக்கூறுகள் ஒளியின் சிறு பகுதியை நாலாபுறமும் சிதறவிடுவதே காரணம்.

இந்த மங்கலான வெளிச்சம் மூலக்கூறின் வடிவத்தைச் சொல்லிவிடும். ஒளி என்பது அதிர்வு. மூலக்கூறு கோள வடிவமாக இருந்தால், செங்கோணத்தில் சிதறி வரும் ஒளி முழுவதும் ஒரே தளத்தில் அதிரும். ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தளவிளைவுப் பட்டகம் ஒன்றைக் கண்முன் வைத்துச் சுழற்றினால், குறிப்பிட்ட ஒரு நிலையில் வெளிச்சம் அறவே மறைந்துவிடும். மூலக்கூறு தட்டையாகவோ நீளமாகவோ இருந்தால் அப்படி மறையாது, கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சும். அந்த மிச்சம் எவ்வளவு என்று அளந்தால், மூலக்கூறு கோளத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரியும். பல திரவங்களை எடுத்து, ஒவ்வொன்றாகத் தூய்மைப்படுத்தி, கிருஷ்ணன் இந்த மிச்சத்தை அளந்தார். 1927-இல் அவரும் ராமனும் சேர்ந்து, மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் திரவங்கள் ஒளியை இரட்டையாக விலக்குவதற்குக் கோட்பாடு எழுதினார்கள். அதற்கும் அடிப்படை மூலக்கூறின் திசைவேறுபாடுதான்.

இந்த அளவீடுகளுக்கு இடையே தொல்லை ஒன்று இருந்துகொண்டே இருந்தது. சிதறிய ஒளியில், உள்ளே செலுத்திய நிறத்தோடு கூட வேறு நிறமும் சிறிது கலந்திருந்தது. 1923-இல் கே. ஆர். ராமநாதன் தண்ணீரில் அதைக் கண்டார். அடுத்து கிருஷ்ணன் வேறு பல திரவங்களிலும் கண்டார். திரவத்தில் இருக்கும் அழுக்கினால் வரும் ஒளிர்வு என்றே முதலில் எண்ணினார்கள். எத்தனை முறை வடித்துச் சுத்தம் செய்தாலும் அது போகவில்லை.

1928 பிப்ரவரியில் செய்த சோதனையை இன்றைய பள்ளி மாணவர்கூடப் புரிந்துகொள்ளலாம். சூரிய ஒளியைப் பெரிய வில்லையால் குவித்து, நீல ஊதா நிறத்தை மட்டும் விடும் வடிப்பான் வழியே திரவத்துக்குள் செலுத்தினார்கள். நீலத் தடம் தெரிந்தது. நீல ஊதாவை அறவே தடுத்து, மஞ்சள் பச்சையை மட்டும் விடும் இன்னொரு வடிப்பானையும் ஒளி உள்ளே நுழையும் பாதையிலேயே வைத்தால் தடம் மறையும். இரண்டும் சேர்ந்தால் எந்த ஒளியும் உள்ளே போகாது. இப்போது அந்த இரண்டாவது வடிப்பானை அங்கிருந்து எடுத்து, பார்ப்பவரின் கண்முன் வைத்தார்கள். சிதறிய ஒளி நீலம் மட்டும் என்றால் இப்போதும் இருட்டாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் தடம் தெரிந்தது. உள்ளே போகாத நிறம் வெளியே வந்தது. ஒளி மூலக்கூறோடு மோதும்போது தன் ஆற்றலில் ஒரு பங்கை அதற்குக் கொடுத்துவிட்டு, நிறம் மாறி வெளிவருகிறது. இதுதான் ராமன் விளைவு. பிப்ரவரி 16 தேதியிட்டு ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் எழுதப்பட்ட கடிதம் மார்ச் 31 'நேச்சர்' இதழில் வெளியானது. சுமார் அறுபது திரவங்களைச் சோதித்ததாகவும், ஒவ்வொன்றிலும் இந்த விளைவு கூடவோ குறையவோ காணப்பட்டதாகவும் அதில் எழுதினார்கள். 1930-இல் நோபல் பரிசு ராமனுக்குக் கிடைத்தது.

கிருஷ்ணனுக்கு உரிய பங்கு கிடைத்ததா என்ற விவாதம் இன்றும் உண்டு. அந்த விவாதத்திலேயே நின்றுவிட்டால் அவருடைய பெரிய வேலையைப் பார்க்காமல் போய்விடுவோம். அந்த வேலை டாக்காவில் தொடங்கியது.

டாக்காவில் ஒரு காந்தம்

1928 டிசம்பரில் டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ரீடராகச் சேர்ந்தார். சத்யேந்திரநாத் போஸ் அங்கே பேராசிரியர். ராமனின் ஆய்வகத்தில் செய்ததையே தொடர்ந்திருந்தால் ஆண்டுக்குப் பல கட்டுரைகள் எழுதியிருக்கலாம். ராமன் விளைவு உலகமெங்கும் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. கிருஷ்ணன் கேள்வியை வைத்துக்கொண்டு கருவியை மாற்றினார். திரவத்தில் மூலக்கூறுகள் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஒளிச்சிதறலில் கிடைப்பது அத்தனை நிலைகளின் சராசரி மட்டுமே. படிகத்திலோ அவை ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. படிகத்தைத் திருப்பினால் கோடானுகோடி மூலக்கூறுகள் ஒரே சமயத்தில் ஒன்றாகத் திரும்பும். ஆக, மூலக்கூறைத் திருப்பிப் பார்க்க வழி கிடைத்துவிட்டது. எதை அளப்பது? காந்த ஏற்புத்திறனை, அதாவது காந்தப்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு எதிர்வினை காட்டுகிறது என்னும் அளவை.

இங்கே சற்று நின்று அடிப்படையைப் பார்த்துவிடலாம். இரும்பைக் காந்தம் இழுப்பது தெரிந்ததே. பென்சீன், நாப்தலீன், தண்ணீர் போன்றவற்றைக் காந்தம் மிக லேசாகத் தள்ளும். இவற்றை டயா காந்தப் பொருள்கள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். காந்தப்புலம் வந்ததும் மூலக்கூறிலுள்ள எலக்ட்ரான்களின் ஓட்டம் சற்று மாறி, அந்தப் புலத்தை எதிர்க்கும் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. கம்பிச் சுருளுக்குப் படித்த லென்ஸ் விதிதான் இங்கும். இந்த எதிர்ப்பு மிகமிகச் சிறியது. தண்ணீரின் காந்த ஏற்புத்திறன் பத்து லட்சத்தில் ஒன்பது பங்குதான். அவ்வளவு சிறிய அளவிலும் திசைக்குத் திசை உள்ள வேறுபாட்டை அளக்க வேண்டும். அதுவும் சில மில்லிகிராம் எடையே உள்ள படிகத்தில்.

கிருஷ்ணன் கையாண்ட உத்தி இன்று படித்தாலும் மகிழ்ச்சி தருவது. படிகத்தை மிக மெல்லிய குவார்ட்ஸ் இழையின் முனையில் ஒட்டி, காந்தத்தின் இரு துருவங்களுக்கு நடுவே தொங்கவிட வேண்டும். இழையின் மேல்முனை, கோணம் குறித்த வட்டத் தலையொன்றில் பொருத்தப்பட்டிருக்கும்; அதைக் கையால் திருப்பலாம். படிகத்துக்குத் திசைவேறுபாடு இருப்பதால், காந்தப்புலம் அதை ஒரு குறிப்பிட்ட நிலைக்குத் திருப்பி நிறுத்தும். காந்தம் மிகக் குறைவாகத் தள்ளும் அச்சு புலத்தின் திசையில் வந்து நிற்கும். இதுதான் தொடக்க நிலை. இந்த நிலையில் இழையில் முறுக்கு இல்லாதபடி சரிசெய்துகொள்வார்கள்.

இனி மேலே உள்ள வட்டத் தலையை மெதுவாகத் திருப்ப வேண்டும். இழை முறுக்கேறும், படிகத்தைத் தன்னோடு இழுக்கும். படிகமோ காந்தப்புலத்தின் பிடியில் இருப்பதால் கொஞ்சமே அசையும். மேலே ஒரு முழுச் சுற்று, இரண்டு, மூன்று என்று திருப்பிக்கொண்டே போனாலும் கீழே படிகம் சில பாகைகள்தான் நகர்ந்திருக்கும். படிகத்தைத் திரும்பவும் பழைய நிலைக்கு இழுக்கும் காந்தத் திருப்பு விசை, அது விலக விலகக் கூடிக்கொண்டே வரும், 45 பாகையில் உச்சத்தைத் தொடும். அதற்கு மேல் விலகினால் அந்த விசை குறையத் தொடங்கும். எனவே படிகம் 45 பாகையை எட்டியதும், இழையின் முறுக்கைத் தாங்க முடியாமல் சட்டென்று சுழன்றுவிடும். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்தக் கணம் தவறவே தவறாது.

அந்தக் கணத்தில் மேலே வட்டத் தலை எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்று குறித்துக்கொண்டால் முடிந்தது. இழையின் முறுக்கு வலிமை, படிகத்தின் எடை, காந்தப்புலத்தின் அளவு மூன்றும் தெரியும். எளிய கணக்கில் இரண்டு திசைகளின் ஏற்புத்திறனுக்கும் உள்ள வேறுபாடு கிடைத்துவிடும். நுண்ணிய விசையை நேரடியாக அளக்கும் சிரமத்தை, எளிதாகப் படிக்கக்கூடிய பெரிய கோணமாக மாற்றியதுதான் இந்த முறையின் அழகு. படிகத்தை வெவ்வேறு அச்சுகளில் தொங்கவிட்டுத் திரும்பச் செய்தால், மூன்று திசைகளுக்கும் வேறுபாடுகள் கிடைக்கும். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நல்ல படிகம், நல்ல இழை, நிறையப் பொறுமை போதும்.

இந்த முறையில் கிடைப்பது வேறுபாடு மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள். திசை ஒவ்வொன்றிலும் ஏற்புத்திறன் எவ்வளவு என்று அறிய இன்னொரு வழி தேவை. படிகத்தைத் திரவம் ஒன்றில் மூழ்கவிட்டு, இடத்துக்கு இடம் அளவு மாறும் காந்தப்புலத்தில் வைக்க வேண்டும். திரவத்தின் ஏற்புத்திறன் படிகத்தினுடையதைவிடக் கூடவோ குறையவோ இருந்தால் படிகம் ஒரு பக்கம் நகரும். திரவத்தில் உப்பைக் கூட்டிக் குறைத்து, படிகம் அசையாமல் நிற்கும்வரை சரிசெய்தால், இரண்டும் சமம் என்று பொருள். அமெரிக்காவில் இஸிடோர் ராபி தம் முனைவர் பட்ட ஆய்வில் இதே அடிப்படையைக் கையாண்டிருந்தார்.

பாச்சா உருண்டைக்குள் ஒரு சுழலோட்டம்

முன்னே சொன்ன 1933 கட்டுரையை எழுதிய கிருஷ்ணன், குஹா, பானர்ஜி மூவரும் அளந்தவற்றில் நாப்தலீனை மட்டும் எடுத்துக்கொள்வோம். துணி அலமாரியில் போடும் பாச்சா உருண்டைதான் அது. இரண்டு பென்சீன் வளையங்கள் ஒரு பக்கத்தைப் பகிர்ந்துகொண்டு ஒட்டிய தட்டையான மூலக்கூறு. அதன் தளத்துக்குள் காந்த ஏற்புத்திறன் ஒரு சாதாரண அளவு. தளத்துக்குச் செங்குத்தாகப் புலத்தை வைத்தாலோ அது மூன்று மடங்குக்கும் மேல். மூன்று வளையங்கள் கொண்ட ஆந்திரசீனில் செங்குத்துத் திசையின் அளவு இன்னும் பெரிது.

இந்த எண்களை எட்டுவதற்கு நடுவே ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டியிருந்தது. நாப்தலீன் படிகத்தில் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்பதில்லை. இரண்டு விதமாகச் சாய்ந்து மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. படிகத்தை அளந்தால் கிடைப்பது அந்த இரண்டு சாய்வுகளின் கூட்டுத்தொகை. சாய்வுக் கோணம் தெரிந்தால்தான் தனி மூலக்கூறின் அளவைப் பிரித்தெடுக்கலாம். எக்ஸ் கதிர்கள் மூலம் படிக அமைப்பைக் காணும் ஆராய்ச்சி அதே ஆண்டுகளில் வளர்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்து கோணம் வந்தது, இங்கிருந்து காந்த அளவு வந்தது. ஒருமுறை இந்தக் கணக்கு சரியென்று தெரிந்துவிட்டால், அதையே திருப்பிப் போடலாம். அமைப்பு தெரியாத புதிய படிகத்தில், காந்த அளவீட்டை மட்டும் வைத்தே தட்டையான மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று ஊகிக்கலாம். எக்ஸ் கதிர் ஆய்வாளர்களுக்கு அது பெரிய உதவி, ஏனென்றால் கணினி இல்லாத அக்காலத்தில் அமைப்பைக் கண்டுபிடிப்பது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தாலே பாதி பாரம் குறையும். பென்சீன் வளையம் தட்டையானது என்பதை 1929-இல் எக்ஸ் கதிர்களால் நிறுவிய கேத்லீன் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் சேர்ந்து, படிகத்தின் காந்தத் திசைவேறுபாட்டுக்கும் மூலக்கூறு அமைப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1936-இல் எழுதினார்கள்.

ஏன் செங்குத்துத் திசையில் மட்டும் இவ்வளவு பெரிய எதிர்ப்பு? இங்கேதான் காந்த அளவீடு வேதியியலின் மையக் கேள்வியைத் தொடுகிறது. பென்சீனில் ஒவ்வொரு கார்பனுக்கும் ஓர் எலக்ட்ரான் வீதம் ஆறு எலக்ட்ரான்கள், குறிப்பிட்ட எந்தப் பிணைப்புக்கும் சொந்தமாகாமல் வளையம் முழுவதும் பரவியிருக்கின்றன. காந்தப்புலம் வளையத்தைத் துளைத்துக்கொண்டு செங்குத்தாக வந்தால், இந்த எலக்ட்ரான்கள் வளையத்தைச் சுற்றி ஓடிப் புலத்தை எதிர்க்கலாம். ஓட்டம் சுற்றி வரும் பரப்பு பெரிதாக இருந்தால் எதிர்ப்பும் பெரிதாகும். ஓர் அணுவுக்குள் சுழல்வதைவிட ஆறு அணுக்களைச் சுற்றி வருவது பெரிய பரப்பு. புலம் வளையத்தின் தளத்திலேயே படுத்துக் கிடந்தால் இப்படிச் சுற்ற வழியில்லை, ஆகவே எதிர்ப்பு குறைவு. 1936-இல் லைனஸ் பாலிங் இந்தச் சுழலோட்டக் கருத்தைக் கொண்டு கணக்குப் போட்டுக் காட்டினார். அடுத்த ஆண்டு ஃபிரிட்ஸ் லண்டன் குவாண்டம் முறையில் முழுமையாகச் செய்தார். அவர்கள் விளக்கிய வேறுபாடுகளைப் படிகம் படிகமாக அளந்து மேசையில் வைத்தவர்களில் முன்னணியில் நின்றவர் கிருஷ்ணன். அளவு இல்லாமல் கோட்பாடு நிற்காது என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த இடத்தில் அது எப்படி நடந்தது என்று ஆண்டு வாரியாகவே பார்க்க முடிகிறது.

1933-இல் ராமன் பெங்களூருக்குப் போனார். கிருஷ்ணன் மகேந்திரலால் சர்க்கார் பெயரிலான பேராசிரியர் பதவியில் கல்கத்தாவுக்குத் திரும்பி வந்தார். அங்கே காந்தம் லேசாக இழுக்கும் பாரா காந்தப் படிகங்களையும் எடுத்துக்கொண்டார். செம்பு, நிக்கல், அருமண் உலோக உப்புகளில் உலோக அயனியைச் சூழ்ந்திருக்கும் அணுக்கள் அதன் காந்தப் பண்பை எப்படி மாற்றுகின்றன என்பது அப்போது சூடான கேள்வி. இன்று வேதியியல் பட்ட வகுப்பில் படிகப்புலக் கொள்கை என்று படிப்பது அதுதான்.

கிராஃபைட்டைப் பற்றியும் இரண்டு வரி சொல்ல வேண்டும், ஏனென்றால் திசைவேறுபாட்டின் உச்சம் அது. பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட், பென்சீன் வளையங்கள் முடிவில்லாமல் இணைந்த அடுக்குகளால் ஆனது. அடுக்குக்குச் செங்குத்தான திசையில் அதன் டயா காந்த எதிர்ப்பு, அடுக்கின் திசையில் உள்ளதைப் போலப் பல பத்து மடங்கு. கிருஷ்ணனும் கங்குலியும் 1941-இல் இதை, அடுக்குகளுக்குள்ளேயே தடையின்றி ஓடும் எலக்ட்ரான்களைக் கொண்டு விளக்கினார்கள். அத்தகைய ஒற்றை அடுக்கைத் தனியே பிரித்தெடுத்து, கிராஃபீன் என்று உலகம் ஆராயத் தொடங்கியது 2004-க்குப் பிறகு.

1940-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகம், 1947-இல் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் பொறுப்பு. அலகாபாத்தில் உலோகங்களின் மின்தடையைப் பற்றியும், தில்லியில் சூடான உலோகங்கள் எலக்ட்ரான்களை உமிழ்வதைப் பற்றியும் ஆராய்ந்தார். நாட்டின் அளவீட்டுத் தரங்களைக் காக்கும் ஆய்வகத்தை அடிமுதல் கட்டியெழுப்பும் நிர்வாகச் சுமைக்கு நடுவே செய்த வேலைகள் இவை. 1958-இல் முதல் பட்நாகர் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. 1961-இல் காலமானார். இந்தக் கடைசிப் பகுதியை நான் வேகமாகக் கடந்து செல்வதற்குக் காரணம், வேதி இயற்பியலைப் பொறுத்தவரை அவருடைய வளமான ஆண்டுகள் 1923 முதல் 1941 வரைதான் என்று நினைப்பதால்.

அந்த ஆண்டுகளில் படிகங்களில் அளந்த வளையச் சுழலோட்டம் இன்று எங்கே பயன்படுகிறது என்று கேட்டால், ஏறக்குறைய எல்லாக் கரிம வேதியியல் ஆய்வகங்களிலும் என்று சொல்லலாம். புதிதாகத் தயாரித்த பொருளை அடையாளம் காண வேதியியலாளர்கள் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்னும் முறையை நாடுகிறார்கள். சுருக்கமாக என்எம்ஆர். மூலக்கூறில் உள்ள ஒவ்வொரு ஹைட்ரஜனும் தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்துக்கு ஏற்ப, நிறமாலையில் ஓர் இடத்தில் கோடாகத் தெரியும். அந்த இடத்தை ஓர் எண்ணால் குறிப்பார்கள்; ஹைட்ரஜன் உணரும் புலம் கூடினால் எண்ணும் கூடும். இரட்டைப் பிணைப்புக் கார்பனோடு சேர்ந்த சாதாரண ஹைட்ரஜன் பெரும்பாலும் 5, 6 என்ற எண்களை ஒட்டி வரும். பென்சீனின் ஹைட்ரஜன் 7.3-ஐ ஒட்டி வரும். வளையத்தைச் சுற்றி ஓடும் எலக்ட்ரான்கள் வளையத்துக்கு உள்ளே புலத்தை எதிர்க்கின்றன. வளையத்துக்கு வெளியே, ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில், அதே ஓட்டம் புலத்தைக் கூட்டுகிறது. 1956-இல் ஜான் போப்பிள் கொடுத்த விளக்கம் இது. ஏழுக்கு மேல் கோடு தெரிந்தால் "பென்சீன் போன்ற அரோமாட்டிக் வளையம் இருக்கிறது" என்று முதுகலை மாணவர் சொல்லிவிடுவார்.

விளக்கம் சரிதானா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. வளையத்துக்கு உள்ளேயும் ஹைட்ரஜன் இருந்தால், அது எதிர்த்திசையில் நகர வேண்டும். பென்சீனில் உள்ளே இடமில்லை. பதினெட்டு கார்பன்கள் கொண்ட பெரிய வளையம் ஒன்றை ஃபிரான்ஸ் சோந்தைமர் குழுவினர் உருவாக்கினார்கள். அதில் பன்னிரண்டு ஹைட்ரஜன்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஆறு உள்ளே பார்த்திருக்கும். குளிர்வித்து எடுத்த நிறமாலையில் வெளி ஹைட்ரஜன்கள் ஏறத்தாழ 9-இல் தெரிந்தன. உள்ளிருந்த ஆறும் சுழியத்தையும் தாண்டி, கழித்தல் 3-க்குப் போயிருந்தன.